எபேசில் கழற்றிவிட்ட சப்பாத்து

பிரியமான சகோதர சகோதரிகளே, கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லுமுன் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லிக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கப்பலில் திரும்ப ஏறுவதற்கான சீட்டைச் சப்பாத்துக்குள் வைத்தேன். பிறகு அந்தச் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, வைத்த இடத்தைத் தொலைத்தேன்.

நான் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பங்களாச் சமையல்காரன். எங்கள் துரை குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர். சீமைக்கு விடுப்பில் போகும் வழியில், வேதத்தில் வருகிற ஊர்களைச் சுற்றிக்காட்டும் உல்லாசக் கப்பலில் போக ஆசைப்பட்டார். தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிக்கொண்டார். நம் பக்கம் ரயில் பண்டாரவளை வரைதான் வருகிறது. அதுவரை மாட்டு வண்டியில் போனோம்.

என் மனைவி ராகேல் ஐந்து மாதம். முதலிரண்டு பிள்ளைகளும் எங்களுக்குத் தங்கவில்லை. "பேறுகாலத்துக்கு முன்ன வந்துருவேன்" என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் வண்டி ஏறினேன். சுற்றுலா முடிந்ததும் என்னைக் கொழும்புக் கப்பலில் ஏற்றிவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார்.

சிமிர்னாத் துறைமுகத்தில் இறங்கும்போது கப்பல்காரர் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். அது இல்லாமல் யாரையும் ஏற்றமாட்டார்களாம். நமக்கா தெரியாது? பழைய துரை எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு இல்லாமல் வந்தவனை எந்தத் தோட்டத்தில் சேர்த்தார்கள்? துரை கொடுத்த பழைய கோட்டில் இரண்டு பையும் ஓட்டை. துரை கொடுத்த பழைய சப்பாத்தோ எனக்கு இரண்டு விரல் பெரிது. சீட்டை மடித்து அதற்குள் வைத்தேன். சப்பாத்தும் காலுக்குச் சரியாக இருந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அங்கிருந்து ரயிலில் எபேசு. பவுல் அப்போஸ்தலன் நடந்த தெருவில் இந்தச் சமையல்காரன் நடந்தேன். சாப்பாடு முடிந்ததும் துரை கழுதை வண்டியில் ஏறிக்கொண்டு, தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "நீ போய்ப் பாரு. மூணு மணி ஸ்டேஷன். வரல்ல, நான் போறது."

கூரையில்லாத பழைய கிறிஸ்தவக் கோயிலொன்று கிடந்தது. வெள்ளைக்காரர்கள் பூட்சோடு உள்ளே போனார்கள். எனக்கு மனம் வரவில்லை. நம் தோட்டக் கோயிலில் செருப்போடு நுழைந்தவனை உபதேசியார் பார்க்கிற பார்வை கடல் தாண்டியும் என் முதுகில் இருந்தது. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய் முழங்கால்படியிட்டேன். ராகேலுக்காகவும் வயிற்றுப் பிள்ளைக்காகவும் அழுது ஜெபித்தேன்.

எழுந்து பார்த்தால், இடிந்த கோயிலுக்கு எல்லாப் பக்கமும் வாசல்!

எல்லா இடைவெளியிலும் ஓடிப் பார்த்தேன். முள் குத்தியது. கடைசியில் நான் நுழைந்த வாசலைக் கண்டுபிடித்தேன். உடைந்த தூணில் சிலுவை செதுக்கியிருந்ததால் சந்தேகமில்லை. சப்பாத்து இல்லை. கூட வந்தவர்களும் இல்லை. மலைப்பக்கம் ஆட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

சீட்டில்லை. பாஷை தெரியாது. துருக்கி ராச்சியத்தில் என்னை யாருக்குத் தெரியும்? புருஷன் வருவானென்று ராகேல் வலியோடு வாசலைப் பார்த்துக் கிடப்பது கண்ணில் வந்தது. அப்படியே மண்ணில் விழுந்தேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, நான் மடையன். அவளை அதுக்காகத் தண்டிச்சிடாதீங்க. என்னை வீடு சேருங்க." அவ்வளவுதான்.

தோளில் ஒரு கை பட்டது. நிமிர்ந்தேன். தலைப்பாகை கட்டிய முஸ்லிம் பெரியவர், கையில் ஆட்டுக்கோல். என் வெறுங்காலைக் காட்டிச் சிரித்தார். பிறகு சுவருக்கு அந்தப்பக்கம் ஓர் அத்திமரத்தடிக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர் தொழுகை விரிப்பு. பக்கத்தில் அவருடைய செருப்பு. அதை ஒட்டி, வெயில் படாமல், ஒழுங்காக என் சப்பாத்து!

சகோதரரே, யோசித்துப் பாருங்கள். வந்தவர்களில் யாருக்கும் அது ஏன் வாசலில் கிடந்தது என்று விளங்கியிருக்காது. அவருக்கு விளங்கியது. தொழும் இடத்துக்கு முன் காலணியைக் கழற்றுகிறவர் அல்லவா? யாரோ உள்ளே ஜெபிக்கிறான், ஆடு மிதித்துவிடும் என்று எடுத்துக் காத்திருக்கிறார்.

சீட்டு வியர்வையில் நனைந்திருந்தது. பெயர் அழியவில்லை. அவர் கையைப் பிடித்துத் தமிழிலேயே, "நீங்க நல்லா இருக்கணுங்கய்யா" என்றேன். அவர் ஏதோ சொல்லி வானத்தைக் காட்டினார். தூரத்தில் ரயில் கூவியது. என்னைத் தன் கழுதையில் தூக்கிப்போட்டு அடித்து ஓட்டினார். ரயில் நகரும்போது துரை நீட்டிய கைத்தடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவரைத் தாங்கப் போனவனை அவர் தாங்கினார்.

பேறுகாலத்துக்குப் பதினோரு நாள் முன்பு எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றேன். பெண்பிள்ளை. ஆறு மாதமாகிறது. ஹாலிஎல வரை கேட்கிற மாதிரி அழுகிறாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

முன்பெல்லாம் ஜெபத்தில் பெரிய வார்த்தைகளைத் தேடுவேன். பிற மதத்தாரைக் கண்டால் கேலி பேசுவேன். இரண்டையும் விட்டுவிட்டேன். உங்கள் கஷ்டம் உங்கள் மடத்தனத்தால் வந்ததானாலும் வெட்கப்படாமல் அவரிடம் போங்கள். என் ஜெபத்தையே கேட்டவர் உங்களைத் தள்ளமாட்டார்.

வந்த அன்று ராகேலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அன்னைக்கு எனக்காக எத்தனை மணிக்கு ஜெபிக்க ஆரம்பிச்சே?" என்று ஆவலோடு கேட்டேன்.

"நிப்பாட்டினாத்தானேங்க ஆரம்பிக்கிறதுக்கு" என்றாள்.