ஜோடி சேராத ஸ்டெப்னி

1998 கோடைக்காலம். ஆம்பூரிலிருந்து ஷூ ஏற்றிய கண்டெய்னரை டிரெய்லர் லாரியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். அன்று கிளீனர் வரவில்லை. நான் மட்டும்தான்.

சரக்கு ஏற்றும் இடத்திலேயே கண்டெய்னர் கதவுக்கு சீல் வைத்துவிடுவார்கள். துறைமுகத்தில் சரக்கு குறைந்தால் முதலில் பிடிபடுவது டிரைவர்தான். அந்தச் சமயம், சீலைத் தொடாமலே கதவின் கீலைக் கழற்றிப் பெட்டிகளை எடுக்கிறார்கள் என்று ரோடு முழுக்கப் பேச்சு. எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவரை ஒன்பது நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் செய்த தப்பு, வண்டியை விட்டு டீ குடிக்கப் போனது. அதற்குப் பிறகு நான் டீயைக்கூட வண்டிக்கே வரவழைத்துத்தான் குடிப்பேன்.

பள்ளிகொண்டா அருகே டிரெய்லரின் இடதுபக்கப் பின் டயர் வெடித்தது. அங்கே டயர்கள் இரண்டிரண்டாக ஒட்டி இருக்கும். வெளிப்பக்க டயர் போய்விட்டது. மாற்று டயரான ஸ்டெப்னியை இறக்கினேன். வேறு ஏதோ வண்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்து டயரைவிட இரண்டு விரற்கடை உயரம். ரோட்டோரப் பஞ்சர் கடைக்காரர் வந்து பார்த்தார்.

“இது ஜோடி சேராதுண்ணே. அரை மணி நேரம் இரு. குடியாத்தம் ரோட்டுல தெரிஞ்ச கடையில ஒரு டயர் கீது, எடுத்தாறேன்.”

டயரை எடுத்து வரவா, ஆளை அழைத்து வரவா என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கண் வேறு இரண்டு தடவை கதவுப் பக்கம் போனது. வேண்டாம் என்று சொல்லி நானே மாட்டினேன். பெரிய டயர் பலமாகத்தானே இருக்கும் என்று கிளம்பிவிட்டேன்.

வேலூர் தாண்டியதும் கண்ணாடியில் ஒரு எம்-80 மொபெட் தெரிந்தது. ஓட்டியவர் தலையில் வெள்ளைத் தொப்பி, பின்னால் பெரிய சாக்கு மூட்டை. முந்த இடம் இருந்தும் முந்தவில்லை. குனிந்து குனிந்து என் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைத்தார். இவனுடைய கூட்டாளி முன்னால் எங்கோ நிற்கிறான் என்று முடிவு செய்தேன்.

மேல்விஷாரம் நெருங்கும்போது ஒரு நாற்றம் வந்தது. நான் தோல் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவன். தோல் பதனிடும் விஷாரம் டேனரிகள் வந்துவிட்டன என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எம்-80காரர் என் பக்கமாக ஏறி வந்து, நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. நான் ஸ்டியரிங்கை அவர் பக்கம் கொஞ்சம் ஒடித்தேன். வேண்டுமென்றுதான் செய்தேன். அவர் தாரை விட்டு இறங்கி, சரளைக்கல்லில் சறுக்கி விழுந்தார். மூட்டை பிரிந்து உப்புத் தடவிய ஆட்டுத்தோல்கள் சிதறின.

விட்டுப் போக மனசு வரவில்லை. நிறுத்தினேன். ஆனாலும் வீல் கழற்றும் கம்பியோடுதான் இறங்கினேன்.

அவர் நொண்டிக்கொண்டே வந்தார். முட்டியில் ரத்தம்.

“கம்பி இன்னாத்துக்கு டிரைவரே? நட்டு கயட்டவா, என் மண்டைய கயட்டவா?”

நான் கம்பியைக் கீழே போடவில்லை.

“இந்த ரோட்ல கண்டெய்னர்னா ஷூதான். உன் ஷூவ வெச்சு நான் இன்னா பண்றது? எங்க ஊட்ல எல்லாம் ரப்பர் செருப்புதான். டயரப் போய்ப் பாரு.”

பார்த்தேன். உள் டயர் தரையையே தொடவில்லை. பெரிய டயர் ஒன்றே மொத்தச் சுமையையும் தாங்கி வந்து, பிளந்து, நூல் தெரியப் புகைந்துகொண்டிருந்தது. நான் முகர்ந்தது இந்த ரப்பரைத்தான். இன்னும் கொஞ்ச தூரத்தில் பாலாற்றுப் பாலம்.

சரியான டயர் விஷாரத்தில் கிடைக்கும் என்றார். ஆனால் அவரால் காலை ஊன்றி வண்டியைக் கிளப்ப முடியவில்லை. “நீ போய்ட்டு வா. நான் இங்க குந்தினு இருக்கேன்” என்றார். நான் நகரவில்லை.

“என் வண்டிய நீ எடுத்துனு போற. உன் வண்டிய நான் பாத்துக்கிறேன். யாருக்குப் பயம் ஜாஸ்தி இருக்கணும், சொல்லு.”

போனேன். டயரைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்ப ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தோல்கள் கெடாமல் இருக்க அவற்றை டிரெய்லர் நிழலில் அடுக்கிவிட்டு, அவர் கதவுக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்திருந்தார். முட்டி வீங்கியிருந்தது.

வண்டியை நிறுத்தியதும் என் கண் முதலில் போனது சீலுக்கு. அப்புறம் கீலுக்கு. அதற்கப்புறம்தான் அவர் முகத்துக்கு. அவர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

“இருக்குதா எல்லாம்?”

“இருக்குது பாய்.”

“சரி, ஜாக்கியப் போடு. தோலு வெயில்ல பேஜாராய்டும்.”

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூட்டையைக் கட்டிக் கொடுத்தேன். அவர் வண்டியைக் கிளப்பியும் கொடுத்தேன். போய்விட்டார்.

ஒரு மனுஷனை நானே தள்ளிவிட்டு, அவரையே காவலுக்கு வைத்துவிட்டு, திரும்பி வந்தும் கதவைத்தான் பார்த்தேன். இன்றைக்கும் யாராவது பின்னால் விடாமல் ஹாரன் அடித்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான், ஆனால் இப்போது நிறுத்தி, வெறும் கையோடு இறங்கி, என்னவென்று கேட்கிறேன்.