கையில் கொடுத்த உப்பு

தொண்ணூற்றெட்டில் ஆபீஸ் வேலையாக ஜெய்ப்பூருக்குப் போனவன், பக்கத்திலிருக்கும் சாம்பர் உப்பு ஏரியைப் பார்த்து வாயடைத்துப் போனேன். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கரையோரம் நீர் ரோஜா நிறத்தில் கிடந்தது. தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. கால் வைத்த இடமெல்லாம் உப்பு அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அங்கிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓர் உப்புப் பாளம் கொண்டுவந்தேன். தொம்மலூர் வீட்டுக்கு வந்த ஆபீஸ் நண்பர்களிடம் அதைக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தபோது அம்மா காபியோடு வந்தாள். "பாரும்மா" என்று நீட்டினேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"உப்பைக் கையில குடுக்காதப்பா, சண்டை வரும். கீழ வை, எடுத்துக்கறேன்."

நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. "பட்டிக்காடு மாதிரி பேசாதம்மா" என்று அவள் கையைப் பிடித்து, பாளத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். அவள் அதை ஏந்திக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. "பாத்தியா, எல்லாம் மூடநம்பிக்கை" என்று பல வருஷம் அவளிடமே சொல்லிக்காட்டியிருக்கிறேன், மடையன். நான் கத்தாத நாளில்லை. அவள்தான் ஒரு நாளும் பதில் பேசவில்லை.