எழ மனம் வராத நாற்காலி

இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஆபீசில் அவளைச் சீட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வார்த்தைக்கு ஒரு சீட்டு. அதில் அர்த்தம், பிறப்பு, உதாரணம் எழுதி இழுப்பறையில் அடுக்குவது அவள் வேலை. பதினோரு வருஷம் எழுதினாள். புத்தகத்தில் பேர் வரப்போவது ஆசிரியருக்கு மட்டும்தான். அதில் வருத்தமில்லை என்றால் பொய். ஒரே ஒரு வரியாவது தன் வாயிலிருந்து வந்தபடியே அச்சில் ஏற வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

‘சி’ எழுத்து ஓடிக்கொண்டிருந்த மழைக்காலத்தில் ‘கம்ஃபி’ (comfy) வந்தது.

“வசதியானன்னு போட்டுட்டு அடுத்ததைப் பாரும்மா,” என்றார் ஆசிரியர்.

“அது கம்ஃபர்டபிளுக்குப் போட்டாச்சு சார். தெம்பு குடுக்கறதுங்கற லத்தீன் சொல்லுலேர்ந்து வந்த வார்த்தை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுல அதையே செல்லமா சுருக்கிட்டாங்க, வீட்டுல பிள்ளையைக் கூப்பிடற மாதிரி.”

“பிறப்பு சரி. அர்த்தம்?”

சீட்டை நீட்டினாள். ‘உட்கார்ந்தால் எழ மனம் வராத.’

“இது அர்த்தமா? அடுப்படிப் பேச்சு!” சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு. அவள் அதைக் கிழித்துப் போடாமல் இழுப்பறையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆசிரியரின் நாற்காலி கால் உடைந்து தச்சரிடம் போனது. சீட்டக்கா பக்கத்து அறையில் இழுப்பறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலியாகக் கிடந்த அவள் நாற்காலியில் ஆசிரியர் போய் உட்கார்ந்தார். புருஷனின் பழைய சட்டைகளைத் திணித்து அவளே தைத்த மெத்தை அதில் இருந்தது. மூன்று மணிக்கு அவள் திரும்பி வந்தால், மனுஷர் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். கையில் பென்சில்.

“எழுப்பட்டுமாக்கா?” என்றாள் டைப்பிஸ்ட்.

“விடு, பாவம். கொஞ்ச நேரம் ஆபீசும் நிம்மதியா இருக்கட்டும்.”

விழித்தபோது மணி நாலரை. எழப் பார்த்தார், மறுபடி சாய்ந்துகொண்டார்.

“அந்தச் சீட்டு எங்கம்மா?”

“எந்தச் சீட்டு சார்?”

“தெரியாத மாதிரி கேக்காதே. எடு.”

அடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே ‘இருக்கட்டும்’ என்று எழுதினார்.

ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது செருப்புக் கடை. அவள் வீட்டு அகராதியோ முதுகு நைந்து, எங்கே வைத்தாலும் அந்தப் பக்கத்தில்தான் திறந்துகொள்கிறது. அப்போதெல்லாம், அது அச்சாகி வீட்டுக்கு வந்த நாளும் ஞாபகம் வரும். புருஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். அப்புறம் முன்பக்கம் பின்பக்கமெல்லாம் புரட்டிப் பார்த்தார்.

“உன் பேர் இல்லை, சரி. என் நாலு சட்டை போச்சே, அதுக்காவது ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்ல?”