மூன்றாம் வரிசையில் கண்ணாடி போட்டவர்

நான் கேமராவைப் பார்த்தேன். தெரிந்தே பார்த்தேன்.

பார்க்கக் கூடாது என்று அன்று காலையிலிருந்து பதினான்கு முறை சொல்லியிருந்தார்கள். பதினான்கையும் எண்ணிக்கொண்டு, ஏழாவது டேக்கில் நேராக லென்சுக்குள் பார்த்தேன். அதனால் ஒரு மனிதர் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பழி ஒரு பெண்மணி மேல் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருக்கிறேன்... அதற்கும் வருகிறேன். வரிசையாகச் சொல்லவிடுங்கள். வரிசை கலைந்தால் எனக்குக் கை ஓடாது.

என் பெயர் நாகலிங்கம். வயது எழுபத்து நான்கு. லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, வேலை பார்த்தவன். இப்போது புக்கிட் பெருவாங்கில், மகன் வாங்கிக் கொடுத்த வீட்டில் இருக்கிறேன். மூன்று அறைகள், பதினொரு ஜன்னல்கள், ஆறு நாற்காலிகள். ஐந்து நாற்காலிகளில் யாரும் உட்கார்வதில்லை. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். நான்கு நிமிடம் பேசுவோம்... மழை என்றால் ஐந்து, மழையைப் பற்றியும் கேட்பான்.

இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. அல்லது... சாக்காகத்தான் சொல்கிறேனா?

சென்னையிலிருந்து கடல் தாண்டிப் பெரிய படக் கம்பெனி ஒன்று இங்கே வந்தது. பறக்கும் வீரனைப் பற்றிய படம். பல கோடி செலவு என்றார்கள். எங்கள் பழைய தோட்டத்து ரப்பர் பால் பட்டறை இடிபடாமல் நின்றதால், அங்கே ஒரு சண்டைக் காட்சி வைத்திருந்தார்கள். கூட்டத்தில் நிற்க வயதானவர்கள் வேண்டும். ஆள் சேர்க்கும் ஏஜெண்டு முருகேசு எனக்கும் போன் போட்டார்.

"அங்கிள், வேட்டி, வெள்ளச் சட்ட இருக்கா? சும்மா வந்து நின்னா போதும் லா. மேல பாக்கணும், பயப்படணும், அவ்ளோதான்."

போனேன். அறுபத்து நான்கு பேர் இருந்தோம். பாதிப் பேர் என் பழைய தோட்டத்து ஆட்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. தோட்டம் விற்றுப்போய் எத்தனையோ வருடம் ஆகியும் கிராணி கிராணிதான்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு முருகேசு எங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார். தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். முப்பத்தொரு வருடம் பெரட்டில் மற்றவர்கள் பெயரைக் கூப்பிட்டவன் நான். என் பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

"நாகலிங்கம்!"

"இருக்கேன்."

உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. என் பெயரை ஒருவர் உரக்கக் கூப்பிட்டு, நான் இருக்கிறேனா என்று பார்த்து, ஒரு கோடு போட்டுக்கொண்டு... எத்தனை காலம் ஆயிற்று! கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது போல் பாவனை செய்தேன்.

எங்களைத் துரத்தப்போவது ஓர் இயந்திர ராட்சசன். அவனைப் பிறகு கம்ப்யூட்டரில் வரைவார்களாம். அதுவரை அவனுக்குப் பதில், நீண்ட கழியின் நுனியில் ஒரு பச்சைப் பந்து. ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடுவார். நாங்கள் அதைப் பார்த்து நடுங்க வேண்டும்.

"ஏன் தம்பி, இந்தப் பந்துக்கா பயப்படணும்?" என்று கேட்டாள் அஞ்சலை. மூன்றாம் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவள். பால் மரம் வெட்டிய கை. என்னைவிட மூன்று வயது சிறியவள். "நாங்க வெள்ளக்காரத் தொரைக்கே பயந்ததில்ல. வேணும்னா இந்தக் கிராணி ஐயாவக் கழியில கட்டித் தூக்குங்க, எல்லாரும் ஓடுவோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு என்னுடன் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். மத்தியானம் மரத்தடியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அஞ்சலை தன் டப்பாவிலிருந்து நெத்திலிச் சம்பல் வைத்தாள். கேட்காமலே வைத்தாள்.

கதாநாயகர் வந்து நாற்பது நிமிடம் முகத்தைக் காட்டிவிட்டுப் போனார். பறந்தது எல்லாம் தண்டபாணி. கதாநாயகருக்குப் பதிலாக அடிபடுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். காதோரம் நரைத்திருக்கும். அந்த வெயிலில் கறுப்பு ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கயிறு மாட்டி, கிரேனில் தொங்கி, பட்டறைக் கூரையிலிருந்து எங்கள் முன்னால் இறங்குவார். ஆறு பேர் கயிற்றைப் பிடிப்பார்கள். இறங்கியதும் நாங்கள் கைதட்டி ஆரவாரம் செய்ய வேண்டும்.

நான்காம் நாள்தான் கடைசி நாள். இரண்டாவது டேக்கில் அஞ்சலை கேமராவைப் பார்த்துவிட்டாள். உண்மையாகவே தெரியாமல். எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள். மற்ற டேக்குகளில் வேறு குறைகள். ஏழாவதற்கு முன்னால் உதவி இயக்குநர் மைக்கில் சொன்னார்:

"இது ஓகே ஆனா உங்களுக்கெல்லாம் பேக்கப்! வீட்டுக்குப் போயிடலாம்!"

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. வீட்டுக்கா... அந்த ஆறு நாற்காலிகளுக்கா?

கணக்குப் போட்டேன். மணி மூன்று பத்து. ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் கயிற்றைச் சரிபார்க்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். மேற்கே மழை கறுத்திருக்கிறது. இந்த டேக் கெட்டால் அடுத்ததற்குள் மழை வந்துவிடும். மழை வந்தால் நாளைக்கு வரச் சொல்வார்கள். நாளைக்கும் ஒரு பெரட்டு. நாளைக்கும் என் பெயர்...

தண்டபாணி இறங்கினார். அதைவிட அழகாக இனி இறங்க முடியாது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் லென்சைப் பார்த்தேன். இரண்டு விநாடி.

உதவி இயக்குநர் மானிட்டரை விட்டு ஓடிவந்தார். "மூணாவது வரிசையில யாருங்க லென்ஸப் பாத்தது? எத்தன வாட்டிங்க சொல்றது!"

மூன்றாம் வரிசையில் பதிமூன்று பேர். பன்னிரண்டு தலைகள் அஞ்சலை பக்கம் திரும்பின. அந்தப் பன்னிரண்டில் ஒன்று என் தலை!

"நான் பாக்கல தம்பி..." என்றாள் அஞ்சலை. பிறகு குரல் தாழ்ந்தது. "பாத்திருப்பேனோ?"

அவர்கள் மழைக்கு முந்திவிட நினைத்தார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆக வேண்டிய வேலை பதினொரு நிமிடத்தில் முடிந்தது. என் கைக்கடிகாரம்தான் சாட்சி. தண்டபாணி கூரைமேல் நின்று கையை உயர்த்தினார்.

கயிறு ஒரு பக்கம் இழுத்தது. அவர் இறங்கவில்லை... வீசப்பட்டார். பட்டறையின் சிமெண்டுத் தொட்டி விளிம்பில் மோதிக் கீழே விழுந்தார்.

நாங்கள் கைதட்டினோம்.

ஆமாம். இறங்கியதும் கைதட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா? அறுபத்து நான்கு பேரும் கைதட்டி ஆரவாரம் செய்தோம். அவர் மண்ணில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், நாங்கள் கைதட்டுகிறோம். ஆறேழு விநாடி. முதலில் நிறுத்தியவள் அஞ்சலை.

அன்றே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பெரட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் வாசலில் அஞ்சலை நின்றாள். லூபோக் சீனாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பாதி உடம்பாக இளைத்திருந்தாள்.

"கண்ண மூடுனா அந்தத் தம்பி விழுறாரு, கிராணி ஐயா. நான் பாத்தேனா பாக்கலியான்னே தெரியல. எல்லாரும் பாத்தேன்னு சொல்றாங்க. அப்பப் பாத்துத்தான் இருப்பேன்." முந்தானையில் முடிந்திருந்த காகிதத்தை அவிழ்த்தாள். முருகேசு எழுதிக் கொடுத்த தண்டபாணியின் போன் நம்பர். "நீங்க எனக்காக ஒரு மன்னிப்பு எழுதி அனுப்புங்க. பேரப்புள்ளைங்களுக்குத் தமிழ் எழுத வராது. தோட்டத்துல எனக்கு வர்ற காயிதம் எல்லாம் நீங்கதானே படிச்சுச் சொல்வீங்க?"

"பேசியே கேக்கலாமா?" என்றும் கேட்டாள்.

"அவர் ஓய்வுல இருப்பார், தொந்தரவு பண்ணக் கூடாது" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம்! ஒரே வாக்கியம். 'பார்த்தது நான்.' இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லுக்குப் பதிலாக நாற்பத்தொரு சொல்லை என் போனில் தட்டச்சு செய்து அனுப்பினேன். 'நான் அஞ்சலை. மூன்றாம் வரிசையில் நின்றவள். என் கண்ணால் உங்களுக்கு இப்படி ஆகிவிட்டது...' என் குற்றத்துக்கு நானே, அவள் பெயரில், மன்னிப்புக் கேட்டேன். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அவள் என் கையைத் தட்டிக் கொடுத்து ஆறுதல் சொன்னாள்!

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். மனப்பாடமாகிவிட்டது.

'அம்மா வணக்கம். அன்னைக்கு எடுத்ததை நான் போட்டுப் பார்த்தேன். நீங்க பச்சைப் பந்தைத்தான் பார்த்துட்டு நிக்கிறீங்க. உங்க மேல தப்பே இல்லை. லென்சைப் பார்த்தது உங்க பக்கத்துல நிக்கிற கண்ணாடி போட்ட பெரியவர். அவர் எதுக்குப் பார்த்தார்னுதான் எனக்கு விளங்கலை. நீங்க நிம்மதியா இருங்க.'

அடுத்த வெள்ளிக்கிழமை பதிலைக் கேட்க அஞ்சலை வந்தாள். தரையில் உட்காரப் போனவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். போனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடத்தில் ஒருவருக்கு வந்த கடிதத்தைக்கூட நான் மாற்றிப் படித்ததில்லை. சாவுச் செய்தியைக்கூட.

"அம்மா வணக்கம்" என்று படித்தேன். அதுவரை சரியாகத்தான் படித்தேன். பிறகு... "தெரியாம நடந்தது. நான் உங்கள மன்னிச்சிட்டேன்மா. நிம்மதியா இருங்க."

இதுதான் அந்தப் பெரிய தப்பு. அவளுக்கு வந்த விடுதலையை என் போனில் பூட்டி வைத்துக்கொண்டு, அவளுக்கு மன்னிப்பு கொடுத்தேன். அவளுக்குத் தேவையே இல்லாத மன்னிப்பு!

ஏன்? அவள் என்னைத் திட்டுவாள் என்றா? திட்டட்டுமே. உண்மை தெரிந்தால் அவள் மறுபடி என் வாசலுக்கு வரமாட்டாள். அவ்வளவுதான்.

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இப்படி ஒரு மனுசனா! இடுப்பொடிச்சவள மன்னிக்கிறாரே. அவரு எழுந்து நடக்கணும்னு மாரியாத்தாளுக்குப் பால்குடம் எடுக்கப்போறேன். நேர்த்தி முடியறவரைக்கும் வெள்ளிக்கிழம வெரதம். இங்க வந்து இதக் கேட்டுட்டுத்தான் பச்சத் தண்ணியே குடிப்பேன்."

"முட்டி வலியோட எப்படி அஞ்சல நடப்ப?"

"அந்தத் தம்பி படுக்கையில கெடக்காரு, என் முட்டி பெருசா?"

பத்து வெள்ளிக்கிழமைகள் வந்தாள். பத்து முறையும் நான் போனைப் பிடித்துக்கொண்டு பொய்யைப் படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு வரி சேர்த்தேன். 'இப்போ உட்கார முடியுது.' 'பொண்ணு உங்களக் கேட்டுச்சு.' அவளுக்கு முகம் மலரும். பிறகு இருவரும் தேநீர் குடிப்போம். செவ்வாய்க்கிழமையே பிஸ்கட் வாங்கி வைத்துவிடுவேன்.

தண்டபாணிக்கு நான் பதில் எழுதவில்லை. அவர் உட்காருகிறாரா, நடக்கிறாரா, அவருக்குப் பெண் இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

போன வாரம் திருவிழா. ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு அஞ்சலை வெறுங்காலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் ஒரு கையில் குடையும் ஒரு கையில் அவள் செருப்புமாகப் பக்கத்தில் நடந்தேன். அவள் அடிகளை எண்ணினேன். இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் வலது முட்டி மடங்கியது. பால் தளும்பி அவள் முகத்தில் வழிந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லிவிடு, இறக்கி வை என்று சொல், உன்னுடையதல்ல என்று சொல்... என் வாய் அசைந்தது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

"வெரதம் லா, ஐயா" என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தாள்.

அபிஷேகம் முடிந்து வெளியே வந்தபோது அவள் முட்டி பலாப்பிஞ்சு போலப் புடைத்திருந்தது. நான் குனிந்து செருப்பை வைத்தேன். அவள் முகம் தெளிந்திருந்தது.

"ஒங்ககிட்ட சொல்லவே இல்ல பாருங்க" என்றாள். "மூணு வருசத்துக்கு வேண்டியிருக்கேன். இன்னும் ரெண்டு வருசம் எடுக்கணும். அதுவரைக்கும் வெள்ளிக்கிழம வந்து ஒங்கள தொந்தரவு பண்ணுவேன்."

அந்த முட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே என் மனம் கணக்குப் போட்டது. இரண்டு வருடம்...

நூற்று நான்கு வெள்ளிக்கிழமைகள்!

எனக்கு சந்தோஷமாக இருந்தது.