மீனுக்கு உப்பு போட்ட கோடை

என் புருஷன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது என்னிடம் விட்டுப் போனவை இரண்டு. வயிற்றில் இரண்டு மாதப் பிள்ளை, கூடத்தில் ஒரு மீன்தொட்டி. பிள்ளையைப் பற்றி, உடம்பைப் பார்த்துக்கொள் என்பதோடு சரி. தொட்டிக்கு மட்டும் ஒரு முழுத்தாள் நிறைய எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

எழுபதுகளின் கடைசி அது. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் மீன்தொட்டி கிடையாது. தட்டையாக, முக்கோணமாக இருக்குமே ஏஞ்சல், அதில் எட்டு. கறுப்பு மோலி இரண்டு. ஏஞ்சல்களை நகத்தளவில் வாங்கி உள்ளங்கை அளவுக்கு அவரே வளர்த்திருந்தார். பம்பாய் ரயிலில் ஏறும்போது, "நான் வர்றப்போ எட்டும் இருக்கணும்" என்றார். நான் அழுதுகொண்டு நிற்கிறேன், இவருக்கு மீன் கணக்கு.

அந்தத் தாளில் முதல் சட்டமே உப்பு. தொட்டியில் எப்போது தண்ணீர் ஊற்றினாலும் குடத்துக்கு ஒரு கரண்டி சமையல் உப்பைக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். உப்பு இருந்தால் மீனுக்குச் சீக்கு வராதாம். மழைக்காலத்தில் அது சரிப்பட்டிருக்கும். எனக்கு வாய்த்தது கோடை. பங்குனி பிறந்தாலே எங்கள் கிணறு கரிக்க ஆரம்பித்துவிடும், காயல் அவ்வளவு பக்கம். குடிக்க, சமைக்க எல்லாம் ஆலுவாவிலிருந்து வரும் பைப் தண்ணீர், அதுவும் காலையில் ஒரு மணி நேரம். தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். அடிக்கிற வெயிலுக்குத் தொட்டி வற்றிக்கொண்டே இருக்கும். நான் ஊற்றிக்கொண்டே இருப்பேன், ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு கரண்டி.

இதில் கொடுமை என்னவென்றால், எனக்கு உப்பு கிடையாது. ஐந்தாம் மாதத்தில் கால் இரண்டும் வீங்கிவிட்டன. டாக்டரம்மா உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். மாமியார் எனக்கென்று தனிச் சட்டியில் உப்பில்லாமல் குழம்பு வைப்பார். வாயில் வைக்க முடியாது. அதைத் தின்றுவிட்டு எழுந்துபோய் மீனுக்கு உப்பு அளக்க வேண்டும். எரிச்சல் எரிச்சலாக வரும் எனக்கு.

முதல் ஏஞ்சல் ஒருக்களித்து மிதந்த அன்று அவருக்கு எழுதினேன். அடுத்து இன்னொன்று துடுப்பைச் சுருக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கியது. கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம். பதில் வந்தபோது மூன்று போயிருந்தன. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். இது சீக்குதான், உப்பைக் கூட்டு, குடத்துக்கு இரண்டு கரண்டி போடு. என் கால் வீக்கத்துக்கு அரை வரி. உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றிருந்தது. போடவில்லை. இரண்டு கரண்டி போட்டேன்.

ஐந்தாவது செத்த அன்று தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். குமட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவு உப்பு. குழம்பு சுண்டினால் உப்பு ஏறும் என்று அடுப்படியில் நிற்கிற எவளுக்குத் தெரியாது? தண்ணீர்தான் வற்றிப் போகிறது, போட்ட உப்பெல்லாம் அங்கேயேதான் கிடக்கிறது. அதன்மேல் கிணற்று உப்பு. அதன்மேல் என் கரண்டி. இத்தனை நாள் எனக்கு இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவரும் விரலை விட்டுச் சப்பிப் பார்த்தார்.

"வெள்ளத்துல உப்பு அப்படியொண்ணும் இல்லையே மோளே. பத்தியம் இருந்து உனக்கு நாக்கு கெட்டுப்போச்சு."

மூன்று வேளையும் உப்பு மாங்காய் கடிக்கிற நாக்கு அது. இரண்டு மாதமாக உப்பே படாத நாக்கு என்னுடையது. இரண்டில் எது கெட்ட நாக்கு? போதாக்குறைக்கு அந்தக் கறுப்பு மோலி இரண்டும் அதே தண்ணீரில் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தன. உவர்நீரிலும் பிழைக்கிற ஜாதி அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவற்றைக் காட்டி, தண்ணீரில் குற்றமில்லை, என் மகன் படித்தவன், அவன் சொன்னதைச் செய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது, என் நாக்குக்கு மட்டும் என்ன மரியாதை கிடைக்கும்? மறுபடி மஸ்கட்டுக்கு எழுதினேன். உப்பைக் குறைக்காதே என்று பதில் வந்தபோது ஒரே ஒரு ஏஞ்சல்தான் மிச்சம், அதுவும் அடியில் கிடந்து செவுளை அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். குடிக்கப் பிடித்து வைத்து ஒரு நாள் முழுக்கத் தெளியவிட்டிருந்த பைப் தண்ணீரில் அரைக்குடம் எடுத்து உப்பில்லாமல் ஊற்றினேன். அதற்கு முன் தொட்டியிலிருந்து அரைக்குடம் மொண்டு முற்றத்தில் கொட்டினேன். எட்டு மாத வயிற்றோடு தினமும் அதே வேலை. மனுஷர் குடிக்கிற தண்ணீரை மீனுக்கு ஊற்றுகிறாளே என்று மாமியார் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது. பத்து நாளில் அந்த ஏஞ்சல் மேலே வந்து தீனி எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

பிள்ளைக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது அவர் லீவில் வந்தார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே தொட்டிக்குப் போனார்.

"ஒண்ணுதானா? நான் சொன்னபடி உப்பு போடலையா?"

"போட்டேன். சொன்னபடி போட்டதுல ஏழு போச்சு. சொல்லாததைச் செஞ்சேன், ஒண்ணு இருக்கு" என்றேன்.

அவர் அடுக்களைக்குப் போனார். உப்பு ஜாடியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கரண்டியோடு திரும்பி வந்தவரை வழியிலேயே நிறுத்தி, கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். பழகாத முகத்தைப் பார்த்துப் பிள்ளை வீறிட்டு அழுதான். அவருக்கு அவனை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"ஒரு மாசம் இருப்பீங்க. கூட இருந்து பார்த்துக்குங்க. அங்க போய் உக்காந்துட்டு, இவனுக்கு என்ன கொடுக்கணும்னு எனக்கு எழுதாதீங்க."