முயலின் பாதி மீசை

தாள்மேல் குனிந்துவிட்டால் லென்ஸ் அக்காவுக்குக் காது கேட்காது. வாசலில் நின்று "டீ ஆறுதுக்கா" என்று மூன்று முறை சொல்லிப் பார்ப்பேன். பிறகு அதையும் நானே குடித்துவிடுவேன். அருங்காட்சியகத்தின் பின்னறையில் நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். அவர் பழைய அச்சுப் படங்களில் கறை எடுப்பவர். வலக்கண்ணில் லென்ஸ், கையில் பஞ்சு சுற்றிய குச்சி. பக்கத்தில் யாராவது தும்மினால் தொலைந்தார்கள்.

இந்த வாரம் அவர் மேசையில் ஒரு முயல். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து, மையேற்றித் தாளில் எடுத்த அச்சு. நம்மை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது முயல், அவ்வளவுதான். அக்கா விடுவாரா? "முதுகைப் பாரு தம்பி, கோடெல்லாம் குட்டை குட்டையா, நெருக்கமா. வயித்துக்கு வரவர எப்படித் தளருது பாரு. தொட்டா மெத்துனு இருக்கும்." தொட்டால் கையை ஒடித்துவிடுவார், அது வேறு விஷயம். காதின் உள்பக்கத்தில் ஒரு கோடும் இல்லை, வெறும் தாள்தான். ஆனாலும் மெல்லிய தோலாகத் தெரிகிறது. அவர் லென்ஸைக் கொடுத்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

நேற்று முன்தினம் இடப்பக்க மூக்கோரம் இருந்த பழுப்புக் கறையை எடுத்தார். கறை போன இடத்தில் ஒரு மீசை முடி பாதியில் நின்றது.

"நான்தான் அழிச்சிட்டேன் போலிருக்கு."

போன கோடு போனதுதான். வரைந்து சேர்க்க முடியாது. படமோ வேறொரு அருங்காட்சியகத்தின் இரவல். கறை மறைத்திருந்ததால், முன்பு எடுத்து வைத்த புகைப்படத்தைப் பார்த்தும் பயனில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையால் ஒரு புள்ளிகூடப் போனதில்லை.

அச்சோடு மூலத் தகடும் வந்திருந்தது. எடுத்துப் பார்த்தார். இடப்பக்க மீசை முழு நீளத்துக்கு ஓடியது.

"முடிஞ்சுது. மேல போய்ச் சொல்லிடறேன்" என்று எழுந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. நான் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க்கா, கீழ கையெழுத்து மட்டும் ஏன் இடம் வலமா மாறியிருக்கு?"

கதவருகே போனவர் நின்றார். அச்செடுக்கும்போது படம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிவிடும்; தகட்டின் இடது, தாளில் வலது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. பதற்றத்தில் அவருக்கே மறந்துவிட்டது.

ஓடி வந்து தகட்டின் வலப்பக்கம் லென்ஸை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாதியிலதான் நிக்குது தம்பி. அதுக்கப்புறம் செம்பு வழவழன்னு இருக்கு. ஊசி அங்க போகவே இல்ல."

அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கச் சிரித்துவிட்டு, தாளிலிருந்த முயல் பக்கம் திரும்பினார்.

"மீசை முழுசா முளைச்சா உனக்கு என்ன கேடு?"

கேட்டுவிட்டு விரல்களை மடக்கி, அதன் தலைக்கு நேராக, தாளில் படாமல் ஓர் அங்குலம் மேலே, நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.