இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே

பேய்க்கதை படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். பூட்டிய அறையில் மாட்டிக்கொண்டவள் கூப்பாடு போடாமல் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். வாயைத் திறந்து கத்தித் தொலையேன் என்று புத்தகத்தைப் பார்த்துத் திட்டுவேன். அபிராமபுரத்து லிஃப்ட் ஒன்றில் நானே மாட்டிக்கொள்ளும்வரை அப்படித்தான்.

நாங்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் வீடு என்று இரண்டாவது மாடியில் இருந்த வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். வீடு பார்த்துப் பார்த்து அலுத்திருந்த நான், சைவம்தான் என்று கூசாமல் புளுகினேன். ஆனால் மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் புதன்கிழமை மதியம், கட்டடமே தூங்கும் நேரத்தில் வருவார். கட்டைப்பையில் அடியில் மீன், மேலே முருங்கைக்கீரை. என் சமையலறையிலேயே மீனைக் கழுவி நறுக்கிக் கொடுத்து, செதிலையும் குடலையும் அதே பையில் எடுத்துப் போய்விடுவார்.

எப்போதும் படியேறித்தான் வருவார். அன்று முட்டி வலி என்று கீழேயே நின்றுவிட்டார். நான்தான் இறங்கிப் போய் லிஃப்டில் ஏற்றினேன். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் மின்சாரம் போய், லிஃப்டும் அதன் மின்விசிறியும் நின்றன. சின்ன பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தது. என் போன் வீட்டில் இருந்தது.

"இன்னாமா, நின்னுட்சா?"

"கரண்ட் வந்துடும்க்கா."

மணிப் பொத்தான் என் தோளுக்குப் பக்கத்தில் சிவப்பாக இருந்தது. அழுத்தினால் கட்டடமே வந்து நிற்கும். பையிலிருந்து ஐஸ் கரைந்து ஒழுக, புழுக்கத்தில் மீன் வாடை ஏறிக்கொண்டே போனது. இன்னொரு வீட்டுக்கு எங்கே அலைவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வீசிங் தொந்தரவு உண்டாம். மருந்தை மீன் கூடையோடு குப்பத்திலேயே விட்டு வந்திருந்தார்.

என் கை பொத்தானிடம் போனது. அக்கா பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதம்மா. உன் வூடு பூடும். எனக்கு ஒண்ணும் இல்ல."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கையை இறக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்லத் துணிவில்லை. அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, உதடு கருத்து, பேச்சு நின்ற பிறகுதான் அழுத்தினேன்.

வாட்ச்மேன் மொட்டைமாடிக்கு ஓடி, மோட்டார் அறையில் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இரண்டாவது மாடிக்கு இறக்கினார். கதவு திறந்தது. எதிரே வீட்டுக்காரர். வாடை முகத்தில் அடித்திருக்கும்.

"இவா யாராத்துக்கு வந்தா?" என்று என்னைக் கேட்டார்.

அக்காதான் திணறித் திணறிப் பதில் சொன்னார். "அட்ரஸ் மாறி வந்துட்டேன் சாமி. இந்தம்மா யாருன்னே தெரியாது."

"தெரியாது," என்று நானும் சொன்னேன்.

வாட்ச்மேன் ஆட்டோ பிடித்து வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட யாராவது ஏறுங்கள் என்றார். தெரியாது என்று சொன்னவள் எப்படி ஏறுவது? வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அக்காவைத் தோளோடு அணைத்துப் படியிறக்கிக் கூட்டிப் போனார்.

மாலையில் அவர் திரும்பி வந்து வாட்ச்மேனிடம் பேசியதை மாடிப்படித் திருப்பத்தில் ஒளிந்து நின்று கேட்டேன்.

"ஊசி போட்டா, பொழச்சுண்டுட்டா. கூட வந்தவா யாருன்னு கேட்டா. நான்தான்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."